மாலை விலை

இரண்டு கார்களையும் ஒரே நாளில்தான் வாங்கினார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட சக்திவடிவேல் தனக்கொன்றும் மனைவிக்கொன்றுமாக வாங்கிய ஆல்வென் கார்கள். அவருடையது கறுப்பு. கலாமணியுடையது வெள்ளை. நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. அதே மோட்டார், அதே பாட்டரி, அதே தோல் சீட்.

மூன்று வருஷ வாரன்டி முடிகிற மாதம் அவிநாசி ரோடு ஷோரூமிலிருந்து அழைப்பு வந்தது. வாரன்டியை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கலாம், நேரில் வாருங்கள், காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார்கள். இந்தக் காரில் ஒரு கண்ணாடி உடைந்தாலே ஒரு ஸ்கூட்டர் வாங்குகிற செலவு. பாட்டரி போனால் சொல்லவே வேண்டாம். அதனால் இருவரும் போனார்கள்.

ஷோரூமில் வெண்ணிலா மாதிரி ஒரு வாசனை அடித்தது. புது வாடிக்கையாளர்கள் அதை மூச்சை இழுத்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். நிவேதன் என்கிற இளைஞன் அவர்களை சோபாவில் உட்கார வைத்தான். வாரன்டி ஆலோசகர் என்று சட்டைப்பையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. கையிலிருந்த டேப்லெட்டை அவர்கள் பக்கம் திருப்பினான்.

வெள்ளைக் காருக்குப் பதினொரு லட்சம். கறுப்புக் காருக்கு இரண்டே கால் லட்சம்.

சக்திவடிவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா கலா. ஓட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் வண்டி மரியாதை குடுக்குது."

கலாமணி சிரிக்கவில்லை. பீளமேட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறவள் அவள். பொருந்தாத எண்ணைப் பார்த்தால் அதைத் தாண்டிப் போக அவளால் முடியாது. இந்த மூன்று வருஷத்தில் அவர் இரண்டு தடவை பிரேக் மாற்றியிருக்கிறார். நீலாம்பூர் பைபாஸில் டிவைடரில் ஏற்றிச் சஸ்பென்ஷனை உடைத்திருக்கிறார். அவள் வண்டியில் ஒரு கீறல் இல்லை.

"தம்பி, இது மாறிப் போயிருக்குதா? எனக்குத்தானே கம்மியா வரோணும்?"

"சிஸ்டம் போடற கணக்கு மேடம். நெறைய விஷயம் பார்க்கும்" என்றான் நிவேதன். "சாருக்கு ரொம்ப நல்ல ஆஃபர். இன்னிக்கே முடிச்சுட்டா நல்லது."

"எனக்கு?"

"நீங்க யோசிச்சு சொல்லுங்க மேடம்."

அவன் அவளைப் பார்த்துப் பேசினான். அவரைப் பார்த்துப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, விடவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி விட்டான்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கலாம்" என்று வழியெல்லாம் முனகினார் சக்திவடிவேல். "எதைக் கண்டாலும் உனக்கு சந்தேகம்."

"மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குதில்லீங். அவன் ஏன் அவசரப்படறான்?"

கணபதியில் அவருக்கு ஃபவுண்டரி இருந்தது. பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் இரும்பு வார்ப்படம் செய்து கொடுப்பார்கள். அங்கே அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாட்களில் அவருடைய நண்பர்கள் மூன்று பேர் கலாமணியிடம் போனில், அக்கா, உங்களுக்குப் பதினொரு லட்சமாமே என்று சிரித்தார்கள்.

விலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. காரின் செயலியில் தினமும் காலையில் புது விலை வந்தது. அவளுடையது அப்படியே இருந்தது. அவருடையது இறங்கியது. இரண்டு லட்சம். ஒன்றே முக்கால். ஒவ்வொரு தடவையும் திரையில் ரோஜா இதழ்கள் விழுந்து, 'உங்களுக்காக மட்டும்' என்று எழுத்து வந்தது.

கலாமணி ஒரு காரியம் செய்தாள். தன் காரில் ஏசி ஏதோ சத்தம் போடுகிறது, சில நாள் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சாவியை மாற்றிக்கொண்டாள். சத்தமொன்றும் இல்லை. ஒரு வாரம் போனதும் செயலியைத் திறந்தாள். கறுப்புக் காருக்கு ஒன்பது லட்சம் ஆகியிருந்தது. வெள்ளைக் காருக்கு மூன்று லட்சம்.

வண்டியைப் பார்த்துப் போடுகிற விலை இல்லை அது. வண்டியில் உட்காருகிறவரைப் பார்த்துப் போடுகிற விலை. உட்காருகிறவர் அவர் என்றால் குறைகிறது.

மறுநாள் கல்லூரியில் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் தனியாக ஷோரூமுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் நிவேதனின் முகம் வெளுத்தது. பேசலாம் மேடம், ஆனால் இங்கே வேண்டாம் என்றான். டெஸ்ட் டிரைவ் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று அவள் கேட்டாள்.

"வண்டிக்குள்ள கண்டிப்பா வேண்டாம்" என்றான்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரி இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு, தேங்காய் பன் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"டிரைவர் தூங்கிடக் கூடாதுன்னு வண்டியில சென்சார் வெச்சிருக்காங்க, தெரியுமில்லீங்களா மேடம்? ஸ்டியரிங் உங்க நாடியைப் பார்க்கும். உள்ளங்கை வேர்வையைப் பார்க்கும். சீட்டு எடை பார்க்கும். உள்ள இருக்கற காத்தை ஃபில்டர் பண்ணும்போது நீங்க விடற மூச்சுல என்ன இருக்குன்னும் பார்க்கும். எல்லாம் சேஃப்டிக்குன்னு கவர்மென்டே கட்டாயம் பண்ணினது."

"சரி."

"அதெல்லாம் எங்க போகுதுன்னு யாரும் கேட்கல. வாரன்டி கணக்குக்கும் போகுது."

"நாடிக்கும் வாரன்டிக்கும் என்னங்க தம்பி சம்பந்தம்?"

நிவேதன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. வாரன்டி ஓனர் பேருல மட்டும்தான். வித்தா செல்லாது. வாரிசுக்கும் போகாது. ஓனர் இறந்துட்டா அன்னிக்கே முடிஞ்சிடும். பணம் திரும்ப வராது."

கலாமணிக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். கணக்கு தெரிந்த மூளை அது. ஆனாலும் அந்த இடத்தில் அது நகர மறுத்தது.

"அதுக்கு?"

"அஞ்சு வருஷம் வண்டி ஓட்டறவர் ஏதாவது ஒண்ணுக்கு எங்ககிட்ட வருவார். கம்பெனிக்குச் செலவு. அவருக்கு விலை அதிகம். அஞ்சு வருஷம் ஓட்ட மாட்டாருன்னா..." அவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அவர் குடுக்கறது முழுசும் லாபம் மேடம். எவ்வளவு குடுத்தாலும் லாபம். அதனால அவரை எப்படியாவது வாங்க வெச்சிடணும்னு சிஸ்டம் விலையை இறக்கிக்கிட்டே போகும்."

பேக்கரிக்காரர் யாருக்கோ பப்ஸ் சூடு பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றதும் கலாமணி கேட்டாள்.

"அவருக்கு என்ன?"

"சத்தியமா எங்களுக்குத் தெரியாது மேடம். எங்களுக்கு விலை மட்டும்தான் வரும். விலை ரொம்ப இறங்கி வந்தா நாங்களா புரிஞ்சுக்குவோம். போன தீபாவளிக்கே சாருக்கு இறங்க ஆரம்பிச்சிடுச்சு. பழைய வாரன்டி முடியட்டும்னு வெயிட் பண்ணாங்க."

"நாங்களா புரிஞ்சுக்குவோம்னா? இதைப் பத்தி நீங்க பேசிக்குவீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு ஒரு பேர்கூட இருக்கு மேடம். மாலை விலைம்பாங்க. போட்டோவுக்குப் போடற மாலை. அந்த மாதிரி ஒரு கஸ்டமரை முடிச்சா அதுக்குத் தனியா இன்சென்டிவ் உண்டு."

வாயிலிருந்த டீ அவளுக்குக் கொழகொழவென்று ஆனது. விழுங்க முடியவில்லை. சாக்கடை ஓரமாகப் போய்த் துப்பினாள். பொது இடத்தில் அவள் துப்பியது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து, இந்தப் பையன் தன் கணவரின் கையைப் பிடித்திருந்த விதத்தை நினைத்தாள். அது பரிதாபமா, அல்லது பை நிரம்பிய திருப்தியா என்று கேட்க நினைத்தாள். எந்தப் பதில் வந்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

"நீங்க எத்தனை பேருக்கு இப்படி வித்திருக்கீங்க தம்பி?"

"எண்ணல மேடம்" என்றான்.

வழக்கமான செக்கப் என்று சொல்லி அழைத்துப்போய், சக்திவடிவேலுக்கு அன்று மாலையே ஸ்கேன் எடுக்க வைத்தாள். கணையத்தில் கட்டி. டாக்டர் ஷெரின் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டிவிட்டு, அவரை வெளியே அனுப்பாமல் அவர் முன்னாலேயே பேசினார்.

"இன்னும் வேற எடத்துக்குப் பரவல. ஆபரேஷன் பண்ணலாம். ஆனா இது சின்னதா இருக்கும்போதே பார்த்திருந்தா நான் இன்னும் தைரியமா பேசியிருப்பேன். இந்த வியாதி அறிகுறி காட்டாது. நீங்க இப்ப எப்படிக் கண்டுபிடிச்சு வந்தீங்கங்கறதே எனக்கு ஆச்சரியம்."

"கார் வாரன்டி வாங்கப் போனோம்" என்றாள் கலாமணி.

டாக்டர் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகுதான் அவள் கணவரிடம் முழுக் கதையையும் சொன்னாள். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டே கால் லட்சத்துக்கு நான் சந்தோசப்பட்டேன் பாரு" என்றார். பிறகு, "அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. பூவெல்லாம் போட்டு மெசேஜ் அனுப்பிச்சிருக்கானுங்க" என்றார். கலாமணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த நாலாம் நாள், கலாமணி அனுப்பிய புகாரைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து கம்பெனியின் மேலதிகாரி ஒரு பெண்மணி வந்தார். பட்டுப்புடவை, மெல்லிய குரல், கூடை நிறையப் பழங்கள். எல்லாப் பழத்திலும் கம்பெனியின் சின்னம் ஒட்டியிருந்தது. நல்லெண்ணத்தின் அடையாளமாக இரண்டு கார்களுக்கும் வாரன்டியை இலவசமாகத் தர நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது என்றார்.

"எத்தனை வருஷத்துக்குங்க?" என்று கேட்டாள் கலாமணி.

"சார் இருக்கற வரைக்கும்" என்று சொன்ன அந்த அம்மாள், சொன்னது என்னவென்று உறைத்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "ஐ மீன், லைஃப்டைம். நடந்ததைப் பற்றி வெளியே பேச மாட்டோம்னு ஒரு கையெழுத்து மட்டும் போதும்."

"உங்களுக்குப் போன தீபாவளிக்கே தெரிஞ்சிருக்குது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"எப்படி மேடம் சொல்ல முடியும்? நோயைச் சொல்ல எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. நாங்க டாக்டர் இல்ல. சொன்னாத்தான் சட்டப்படி குற்றம்."

"விலை சொல்ல லைசென்ஸ் இருக்குதாக்கும்."

அந்த அம்மாள் அதற்குப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்காகவே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கலாமணி நினைத்தாள். பழக்கூடையைத் தூக்கி அந்த அம்மாளின் மடியிலேயே வைத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் அவள் ஒரு தொலைக்காட்சி நிருபருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கார்களை மாற்றிப் பார்த்ததையும், விலை ஆளோடு நகர்ந்ததையும், மாலை விலை என்கிற பெயரையும் சொன்னாள். நிவேதனின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவனுக்காகப் பரிந்து அல்ல. அவன் பெயரை வாயில் எடுக்கப் பிடிக்கவில்லை.

நாடே கொதித்தது. சட்டசபையில் கேள்வி எழுப்பினார்கள். ஷோரூம் கண்ணாடியில் யாரோ சாணியடித்தார்கள். மூடிவிட்டுப் போகப் போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கலாமணியும் அப்படித்தான் நம்பினாள்.

கொதிப்பு அடங்கியதும் வேறொன்று நடந்தது. ஷோரூம் வாசலில் வரிசை நின்றது. சாணியைக் கழுவிய அதே கண்ணாடிக்கு வெளியே, வெயிலில், குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். டாக்டருக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கிற கார் என்று பேச்சுப் பரவியிருந்தது. நிலத்தை விற்று முன்பதிவு செய்தார்கள். பழைய ஆல்வென் கார்கள் புது விலையைத் தாண்டிப் போயின. கம்பெனி மன்னிப்புக் கேட்டு ஒரு விளம்பரம் போட்டது. அடுத்த வாரம் இன்னொரு விளம்பரம் போட்டது. அதில் ஒரு குடும்பம் காருக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. 'குடும்பக் கவனம்' என்று ஒரு புது வசதி. இனி யார் வேண்டுமானாலும் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும். கொஞ்ச நேரத்தில் அவர் பெயருக்கு வாரன்டி விலை திரையில் வந்துவிடும். நோயின் பெயரை வண்டி சொல்லாது. சொல்ல லைசென்ஸ் இல்லை. விலை சொல்லும்.

நிவேதன் அவளைப் போனில் அழைத்தான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேன். என்னை மேனேஜர் ஆக்கிட்டாங்க. உங்க பேட்டிக்கு முன்னாடி மாசத்துக்கு எட்டு வண்டி போகும். இப்ப புக்கிங்கை நிறுத்தி வெச்சிருக்கோம்."

அவள் போனை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு, முழங்கைவரை கழுவினாள்.

சக்திவடிவேல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கீமோ மருந்து ஏற்றிய நாட்களில் அவர் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பார். கலாமணி பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சட்டை மாற்றுவாள், தரையைத் துடைப்பாள், படுக்கையில் போய்விட்டால் அதையும் கழுவுவாள். எதிலும் அவளுக்கு அருவருப்பு வரவில்லை. அது தன்னையே கழுவிக்கொள்வது மாதிரி இருந்தது.

கொஞ்சம் நடக்க முடிந்ததும் அவர் கேட்ட முதல் விஷயம் கறுப்புக் காரில் உட்கார வேண்டும் என்பதுதான். போர்டிகோவில் நின்ற வண்டியில் கைத்தாங்கலாக ஏறி, கண்ணை மூடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாலு லட்சம்" என்றார். அடுத்த வாரம் ஐந்தரை. அதற்கடுத்த வாரம் ஏழு. ஒரு காலத்தில் விலை குறைந்ததற்காகத் தொடையில் தட்டியவர், இப்போது ஏறினால் குழந்தை மாதிரிக் கூப்பிட்டார். "கலா, ஏறிருக்குது பாரு."

டாக்டர் ஷெரின் ரிப்போர்ட்டைப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னபோது அவர் பாதிதான் நம்பினார். கார் சொன்னதை முழுக்க நம்பினார். கலாமணியும் நம்பினாள். காலையில் எழுந்ததும் அவளுடைய கை தானாகச் செயலியைத் திறந்தது. ஏழரை என்று பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதியின் அடியிலேயே குமட்டலும் இருந்தது. அவரைப் புதைக்கக் காத்திருந்தவனிடமே தினமும் போய் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்வது மாதிரி. ஆனாலும் மறுநாள் திறந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நஞ்சப்பன் வந்தான். ஃபவுண்டரியில் மோல்டிங் பிரிவில் வேலை செய்கிறவன், நாற்பத்தைந்து வயதிருக்கும். வார்ப்படத்துக்கு மண் அச்சுக் கட்டுகிற வேலை. கலாமணி ஃபவுண்டரிக்குப் போவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். அப்போது அவனைப் பார்த்திருக்கிறாள். இப்போது அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது. அத்தனை இளைத்திருந்தான். முதலாளியைப் பார்க்க நாலு இளநீர் கொண்டுவந்திருந்தான். கேட்டிலிருந்து போர்டிகோவுக்கு வருவதற்குள் நின்று இருமினான்.

"மொதலாளி எப்படீங்மா இருக்கறாங்க?"

"பரவால்லைங்க. தூங்கறார். உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. கறுப்புக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏனுங்மா, என்ற சம்சாரம் ஒண்ணு கேக்கச் சொன்னா. தப்பா நெனைக்கப்படாது."

"சொல்லுங்க."

"இந்த வண்டில சித்த நேரம் உக்காந்து பாக்கலாங்களா? எனக்கு இருமல் விடவே மாட்டீங்குது. மாசாமாசம் மருந்து வாங்கித்தான் குடிக்கறேன். டிவில காட்டினாங்கில்லீங், வண்டி சொல்லிப்போடும்னு. நம்ம மொதலாளி ஊட்லயே இருக்குதே, போய்க் கேளுங்கன்னு அவ ஒரே நச்சரிப்பு."

கலாமணி சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்துவிட்டாள். அவன் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். செருப்பைக் கழற்றி வெளியே விட்டான். தோல் சீட்டின் விளிம்பில் ஒட்டாமல் உட்கார்ந்தான். நல்லா சாஞ்சு உக்காருங்க, மூச்சை சாதாரணமா விடுங்க என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அவன் பெயரைத் திரையில் தட்டினாள்.

எண் உடனே நிற்கவில்லை. பத்து லட்சத்தில் ஆரம்பித்து இறங்கியது. எட்டு. ஆறு. மூன்று. அவன் ஒருதரம் இருமினான். இரண்டு. சக்திவடிவேலுக்கு நின்ற இடத்தையும் தாண்டிக் கீழே போனது.

"அப்படியே உக்காந்திருங்க நஞ்சப்பன். இதா வந்தர்றேன்."

உள்ளே போய்க் கைப்பையைத் தேடினாள். டாக்டர் ஷெரினுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமையானாலும் பார்க்க முடியுமா என்று கேட்க நினைத்தாள். படுக்கையறையில் சக்திவடிவேல் விழித்திருந்தார்.

"யாரு வந்திருக்கறாங்க?"

"நஞ்சப்பன். இருமிட்டே இருக்கறார். வண்டில உக்கார வெச்சேன். விலை பயங்கரமா எறங்குதுங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். "எதுக்கு அவனை அதுல உக்கார வெச்ச? எறங்கச் சொல்லு."

"ஏனுங்க?"

"அவனுக்கு என்னன்னு எனக்குத் தெரியும்."

அவள் கைப்பையோடு நின்றாள்.

"மண்ணுத் தூசி" என்றார் அவர், சாதாரணமாக. "மோல்டிங்ல வருஷக்கணக்கா நின்னா நெஞ்சுக்குள்ள போய்ச் சேந்துக்கும். வருஷா வருஷம் ஃபவுண்டரிக்கு ஒரு டாக்டர் வந்து எல்லாரையும் பாக்கறாரே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னார். வைத்தியமெல்லாம் இல்லை. தூசில நிக்காம இருந்தா கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்."

"நஞ்சப்பனுக்கு மட்டுமா?"

"மோல்டிங்ல பாதிப் பேருக்கு."

"சொன்னீங்களா?"

"மாஸ்க் வாங்கிக் குடுத்தேன். போட மாட்டீங்கறானுங்க, வேர்க்குதுங்கறானுங்க." அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். "சொன்னா என்ன ஆகும்னு யோசி கலா. அத்தனை பேரும் வேலையை விட்டு நின்னுக்குவானுங்க. ஆர்டரை யாரு முடிக்கறது? நஷ்டஈடு, கேஸுன்னு வருவானுங்க. அவனுங்களுக்கும் வேலை போயிரும். தெரியாம இருக்கறதுதான் அவனுங்களுக்கும் நிம்மதி. இப்ப நீ ஒருத்தனை உக்கார வெச்சா நாளைக்கு எல்லாவனும் கேட்டுல வந்து நிப்பான்."

பேசும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீருக்குக் கை நீட்டினார். பக்கத்து மேசையில் டம்ளர் இருந்தது. இத்தனை மாதமும் அவர் கை நீட்டுவதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தவள், இப்போது அந்தக் கையைப் பார்த்தாள். இளைத்து, நரம்பு புடைத்து, ஊசி குத்திய தழும்புகளோடு இருந்தது. அவளே எண்ணெய் தடவிவிட்ட கை. அதைத் தொட வேண்டியிருக்குமே என்று நினைத்ததும் அவள் உடம்பு பின்னால் இழுத்துக்கொண்டது. அவர் வாந்தியைத் துடைத்த நாட்களில் ஒருமுறைகூட வராத அருவருப்பு இப்போது வந்தது.

"மோல்டிங்ல எத்தனை பேருங்க?"

"விடு கலா."

"எத்தனை பேர்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் தண்ணீர் டம்ளரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தாள். வெளியே வந்தாள்.

நஞ்சப்பன் அவள் சொன்னபடியே இருந்தான். முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, அசையாமல். திரையில் எண் நின்றுவிட்டிருந்தது. ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன. அவன் அதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வருவதைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பூவெல்லாம் வருதுங்மா" என்றான். "மொதல்ல பெரிய நம்பரா காட்டுச்சு. அப்பறம் எறங்கி எறங்கி இம்புட்டூண்டு ஆயிருச்சு. கம்மியா வந்தா நல்லதுங்களா?"

கலாமணி கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"இல்லைங்க நஞ்சப்பன்" என்றாள். "நல்லதில்லை. அந்தப் பக்கம் வந்து உக்காருங்க, நான் ஓட்டறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவன் சிரிப்பு மறையச் சற்று நேரம் ஆனது. இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காரைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினான். அவள் அவனுக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

"உங்ககூட மோல்டிங்ல இருக்கறவங்க பேரெல்லாம் சொல்லிட்டே வாங்க" என்றாள். "எல்லாத்து பேரும்."

அவன் யோசித்து, முதல் பெயரைச் சொன்னான். அவள் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தாள்.